நடுச்சுவரின் இந்தப் பக்கம்

14, லார்ச்வுட் க்ளோஸ்,
சர்ரே.
6 அக்டோபர் 1986

அன்புள்ள கிளிஃப்,

நீயும் லோர்னாவும் சௌக்கியமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நம் அம்மாவுக்கு இருந்த மாதிரியே என் இடது முழங்கால் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. மற்றபடி குறையொன்றும் இல்லை. ரெஜ் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒருத்திக்கு மட்டும் முட்டை வேகவைத்துச் சாப்பிடப் பழகிவிட்டேன்.

பக்கத்து வீடு ஒருவழியாக விற்றுப்போயிற்று. பார்ஜிட்டர் தம்பதி கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டார்கள். வந்திருப்பது ஓர் இளம் ஜோடி, மார்ட்டின், நிகோலா. அவனுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் நல்ல வேலை. வந்த மறுநாளே எதிர்வீட்டு மிஸ்டர் காட்டரிலின் குப்பைத் தொட்டியைத் தானே தெருவுக்கு இழுத்து வந்து வைத்தான். அதோடு தெருவே அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. காட்டரில் தன் வேலிச்செடியை ரசமட்டம் வைத்து வெட்டுகிற மனிதர், அவரிடம் நல்ல பெயர் வாங்குவது லேசில்லை.

அந்தப் பெண் அதிகம் வெளியே வருவதில்லை. ஒருநாள் கேட்டருகே பிடித்துக்கொண்டேன்.

"புது வீடு பிடிச்சிருக்கா?"

"ரொம்ப அமைதியா இருக்குங்க, மிசஸ் ஹார்கிரீவ்."

"அதான் இந்தத் தெருவோட பெருமை. இங்க யாரும் யார் விஷயத்துலயும் தலையிட மாட்டாங்க."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு என் ரோஜாச் செடிகள் அழகாக இருப்பதாகச் சொன்னாள். ரோஜா பூத்து முடிந்து மூன்று வாரம் ஆகிறது.

நேற்று ஞாயிறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே பேச்சு பலமாகத்தான் இருந்தது. இந்த இரண்டு வீடுகளும் ஒட்டிப் பிறந்த இரட்டை, நடுவில் ஒரே ஒரு சுவர், உனக்குத் தெரியும். மரியாதைக்கு ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நம் காதில் எதுவும் விழவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? எல்லோரும் செய்வதுதான்.

ஏன் போன் பண்ணுவதில்லை என்று கேட்டிருந்தாய். போன் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. கடிதமே நல்லது.

லோர்னாவுக்கு என் அன்பு.
பெரில்

---

சட்பரி, ஒன்டாரியோ
24 அக்டோபர் 1986

அன்புள்ள பெரில்,

கடிதம் கிடைத்தது. முதுகு அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியேதான் இருக்கிறேன் என்கிறாள் லோர்னா. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டுகிற ஊரை விட்டு வந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. இங்கே பக்கத்து வீட்டு உக்ரேனியக்காரி கதவைத் தட்டாமலே சமையலறைக்குள் வந்து என் சூப்பில் உப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள். எது மேல் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் சண்டை போடாமல் சதுரங்கமா ஆடுவார்கள்? வீணாகக் கவலைப்படாதே. முழங்காலுக்கு ஃபிளானல் துணி சுற்றிக்கொள்.

உன்
கிளிஃப்

---

லார்ச்வுட் க்ளோஸ்
10 நவம்பர் 1986

அன்புள்ள கிளிஃப்,

ஃபிளானல் சுற்றினேன். வலி இடம் மாறி வலது காலுக்குப் போயிருக்கிறது, அதற்கு நன்றி. உங்கள் வீட்டில் யாருக்கும் சளி இல்லையே?

சண்டை என்றால் இரண்டு குரல் கேட்க வேண்டும். எனக்குக் கேட்பது ஒன்றுதான். அவன் கத்துவதுகூட இல்லை. கணக்கு வாத்தியார் மாதிரி ஒரே சீராக, ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டே போகிறான். பிறகு நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் எனக்குத் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வலது கை மணிக்கட்டில் கட்டு. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் கேட்கவில்லை, கிளிஃப். நான் சொன்னது என்ன தெரியுமா?

"அந்த அலமாரிக் கதவுங்க ஈரத்துல இறுகிக்கும். பார்ஜிட்டர் வீட்டம்மாவும் எப்பவும் கையை நசுக்கிப்பாங்க. பாத்துத் திறக்கணும்."

அவள் அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். "ஆமாங்க, கதவுதான்," என்றாள்.

அவள் பொய் சொல்லச் சிரமப்படக் கூடாதே என்று பொய்யை நானே தயார் செய்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

மாதா கோயில் நிதிக்கு நடந்த விற்பனையில் மார்ட்டின் புத்தகப் பெட்டிகளை எல்லாம் தூக்கிக் கொடுத்தான். "தங்கமான பையன்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அன்புடன்
பெரில்

---

சட்பரி
26 நவம்பர் 1986

அன்புள்ள பெரில்,

இங்கே யாருக்கும் சளி இல்லை. பனிதான் இடுப்பளவு.

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? போய் அழைப்பு மணியை அடி. அல்லது போலீஸைக் கூப்பிடு. அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடு. சுவரோடு காதை ஒட்ட வைத்துக்கொண்டு நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ரெஜ் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருப்பான்.

லோர்னா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். ஒன்று முடிந்துவிட்டது. இன்னொன்று வேறு அளவில் வருகிறது.

உன்
கிளிஃப்

---

லார்ச்வுட் க்ளோஸ்
15 டிசம்பர் 1986

அன்புள்ள கிளிஃப், லோர்னா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். காலுறைகள் வந்தன. பெரியது நல்ல கதகதப்பு.

போலீஸ் வரும், கிளிஃப். வாசலில் நின்று தொப்பியைக் கழற்றும். "எல்லாம் சரிதானே சார்?" என்று கேட்கும். சரிதான் என்றதும் போய்விடும். பிறகு கதவு சாத்தப்படும். எனக்குத் தெரியும்.

ஆனாலும் நீ சொன்னபடி மணியை அடித்தேன். கையில் கேக் தட்டோடு போனேன், சும்மா போக முடியவில்லை. மார்ட்டின்தான் திறந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அய்யோ, எதுக்குங்க உங்களுக்குச் சிரமம். நிகோலாவுக்குச் சளி, படுத்திருக்கா. ரொம்ப சந்தோஷப்படுவா."

தட்டை வாங்கிக்கொண்டான். கதவு மூடிவிட்டது. மறுநாள் காலை தட்டு பளிச்சென்று கழுவித் துடைத்து என் வாசல்படியில் இருந்தது. தட்டு கொண்டு போகாமல் இருந்திருந்தால் ஏதாவது கேட்டிருக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் தட்டு கொண்டு போனேன் என்று இப்போது படுகிறது.

நேற்று ஞாயிறு. அவன் குரல் ஆரம்பித்ததும் என் கை தானாக ரேடியோவின் திருகுக்குப் போனது. போன கையைப் பார்த்தேன். ரெஜ் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான் என்று எழுதியிருந்தாய்.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை. எல்லோரும் நலமாக இருங்கள்.

பெரில்

---

சட்பரி
6 ஜனவரி 1987

அன்புள்ள பெரில்,

உன் கடிதத்தை லோர்னா இரண்டு முறை படித்துவிட்டு, "இந்தம்மா பாதியில நிறுத்தியிருக்காங்க," என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லையே? டாக்டரைப் பார்த்தாயா?

உன்
கிளிஃப்

---

லார்ச்வுட் க்ளோஸ்
26 ஜனவரி 1987

அன்புள்ள கிளிஃப்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. லோர்னா கெட்டிக்காரி. இதை அவளும் படிக்கலாம்.

இந்த வீட்டில் ரெஜோடு இருபத்தெட்டு வருடம் இருந்தேன். அவனும் கத்தமாட்டான். அவனுக்கும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். சாப்பாட்டில் ஆரம்பிக்கும். குழம்பு கட்டி தட்டிவிட்டது, அல்லது ஆறிவிட்டது, அல்லது நான் பேசாமல் இருந்தேன், அல்லது பேசினேன். பிறகு நாற்காலி. நான் விவரிக்கப் போவதில்லை, இத்தனை வருடம் விவரிக்காமலே இருந்துவிட்டேன். முகத்தில் மட்டும் கை வைக்கமாட்டான். திங்கட்கிழமை நான் கடைக்குப் போக வேண்டுமே.

அவன் ஆரம்பித்தால் ஒரு நிமிடத்துக்குள் பார்ஜிட்டர் வீட்டு ரேடியோ சத்தம் கூடும். ஞாயிறு மதியம் பித்தளை ஊதுவாத்திய இசை நிகழ்ச்சி. அவன் குரல் உயர்ந்தால் அதுவும் உயரும். நல்ல மனிதர்கள், கிளிஃப். என்னை அவமானப்படுத்தக் கூடாது என்றுதான் செய்தார்கள். மறுநாள் மிசஸ் பார்ஜிட்டர் வேலிக்கு மேல் ஒரு கொத்துக் கீரை நீட்டுவாள், குளிர் எப்படி என்று கேட்பாள். நானும் சொல்வேன். அந்த வாத்தியத்தை எங்கே கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் வாந்தி வரும். ரெஜை வெறுத்ததைவிட அதை அதிகம் வெறுத்தேன் என்று நினைக்கிறேன்.

போன மாதம் நான் பார்த்தது அந்தக் கையைத்தான். என் கை மிசஸ் பார்ஜிட்டரின் கையாக இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவனிடம் மட்டுமில்லை, என்னிடமும். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றா சொல்வேன்?

1969 ஜூனில் நீ வந்து சின்ன அறையில் தங்கினாய். அந்த அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் இருக்கிற சுவர் இன்னும் மெல்லியது. ஒன்பது நாள் இருக்கப் போவதாகச் சொல்லியிருந்தாய், ஏழாம் நாள் கிளம்பிவிட்டாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது?

பெரில்

---

லார்ச்வுட் க்ளோஸ்
23 பிப்ரவரி 1987

அன்புள்ள கிளிஃப்,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் தாமதமாக இருக்கலாம். உங்கள் பக்கம் பனி அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று ஞாயிறாக ரேடியோவை அணைத்துவிட்டேன். சுவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். முதல் ஞாயிறு அவன் பேச ஆரம்பித்து நடுவில் நிறுத்தினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவனும் கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தது. பிறகு மெதுவாக, இன்னும் மெதுவாகத் தொடர்ந்தான்.

வியாழக்கிழமை கேட்டருகே எனக்காகக் காத்திருந்தான்.

"உடம்பு நல்லாயிருக்கா, மிசஸ் ஹார்கிரீவ்? இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை உங்க ரேடியோ சத்தமே கேக்கலையே. நிகோலாகூட கவலைப்பட்டா."

"ரேடியோ ரிப்பேர்," என்றேன்.

"சொல்லியிருந்தா நான் பாத்துத் தந்திருப்பேனே. தனியா இருக்கீங்க. தனியா இருந்தா இல்லாத சத்தமெல்லாம் கேக்க ஆரம்பிச்சிடும்னு சொல்வாங்க." என் கையிலிருந்த கடைப்பையை வாங்கி வாசல்வரை கொண்டுவந்து வைத்தான். எதிர்வீட்டிலிருந்து மிஸ்டர் காட்டரில் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

கதவைத் தாழிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாரமாக நிகோலாவைக் கொடியருகேகூடப் பார்க்கவில்லை. திரைச்சீலை காலையில் திறக்கிறது, மாலையில் மூடுகிறது. திறப்பது யார் என்று தெரியவில்லை.

ஒரு வரியாவது எழுது.
பெரில்

---

சட்பரி
9 மார்ச் 1987

அன்புள்ள பெரில்,

தபாலில் தாமதம் எதுவும் இல்லை. உன் ஜனவரிக் கடிதம் ஒரு மாதமாக என் கோட்டுப் பையில் இருந்தது. லோர்னா நேற்று அதை எடுத்துப் படித்துவிட்டு, "இன்னிக்கு எழுதலன்னா நான் எழுதுவேன், நான் எழுதினா உங்களுக்குப் பிடிக்காது," என்றாள்.

கேட்டது. அந்த ஜூனில், வியாழக்கிழமை மாலை, நான் குளிக்கப் போன நேரம். முதலில் ரெஜின் பேச்சு, பிறகு ஏதோ விழுந்தது, பிறகு உன் குரல். ஒரே ஒரு தடவை. நான் குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். தொட்டி நிரம்பி வழிகிறவரை மூடவில்லை. பார்ஜிட்டருக்காவது நடுவில் ஒரு சுவர் இருந்தது. நான் அதே வீட்டில் இருந்தேன்.

மறுநாள் காலை ரெஜிடம் மார்மலேட் ஜாம் பாட்டிலை நகர்த்தச் சொல்லிக் கேட்டேன். நீ டீ ஊற்றினாய். சனிக்கிழமை, வேலையிலிருந்து தந்தி வந்ததாகச் சொல்லிக் கிளம்பினேன். தந்தி எதுவும் வரவில்லை.

கேட்டால் உனக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். அது உனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். ரெஜ் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான் என்று நவம்பரில் எழுதினேனே, அது மறந்துபோய் எழுதியதில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ நம்ப வேண்டும் என்பதற்காக எழுதியது. இவ்வளவு கேவலமாக நான் வேறெதையும் எழுதியதில்லை.

மன்னிப்புக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. மே மாதம் வருகிறேன், டிக்கெட் வாங்கிவிட்டேன். அதுவரை தனியாக அந்த வீட்டுப் படியேறாதே, யாரையாவது கூட்டிக்கொண்டு போ. அவன் உன் பையைத் தூக்கி வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருக்கிறது.

கிளிஃப்

---

லார்ச்வுட் க்ளோஸ்
30 மார்ச் 1987

அன்புள்ள கிளிஃப்,

முழங்கால் இரண்டும் வலிக்கின்றன. ஆனாலும் நன்றாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ பயந்திருப்பாய்.

உன் கடிதம் வந்த அடுத்த ஞாயிறு, இருபத்திரண்டாம் தேதி, இரண்டரை மணிக்கு நாற்காலி நகர்ந்தது. பிறகு அவள் குரல், ஒரே ஒரு தடவை. உன் கடிதத்தில் அதே சொற்களைப் படித்து மூன்று நாள்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டுச் செருப்பை மாற்றாமல், தட்டு எதுவும் எடுக்காமல் போய் மணியை அடித்தேன்.

"ஏதாவது வேணுமா, மிசஸ் ஹார்கிரீவ்?"

"நிகோலாவைப் பாக்கணும்."

"தூங்குறா."

"இல்ல. இப்பத்தான் சத்தம் கேட்டுச்சு."

இந்தத் தெருவில் நான் வாழ்ந்த முப்பது வருடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"இது எங்க வீட்டு விஷயம்."

"சுவர் ரெண்டு வீட்டுக்கும் பொதுதானே. நீங்க கதவைச் சாத்திக்கங்க. அவ வர்ற வரைக்கும் நான் மணியடிச்சுட்டே இருப்பேன்."

சாத்தினான். நான் விரலை எடுக்கவில்லை. எதிரில் காரைக் கழுவிக்கொண்டிருந்த மிஸ்டர் காட்டரில், நீர் சொட்டுகிற ஸ்பாஞ்சோடு தெருவைத் தாண்டி வந்தார்.

"எல்லாம் சரிதானே, மிசஸ் ஹார்கிரீவ்?"

"இல்ல, மிஸ்டர் காட்டரில். சரியில்ல. அந்தப் பொண்ணை உள்ள போட்டு அடிக்கிறான்."

அவர் ஸ்பாஞ்சைப் பார்த்தார். தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். என் பக்கத்தில் படியேறி நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னிக்கு மழை வராது போலிருக்கு," என்றார். "வராதுன்னுதான் நெனைக்கிறேன்," என்றேன். என் விரல் வலித்தபோது அவர் அடித்தார்.

பதினொரு நிமிடம். நிகோலாதான் திறந்தாள். கைப்பை மட்டும் இருந்தது, கோட்டு இல்லை. காட்டரில் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

என் சமையலறையில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள்: "உங்க ரேடியோ சத்தம் கூடுறப்பல்லாம், உங்களுக்குக் கேட்டிருச்சுன்னு எனக்குத் தெரியும். இப்ப வருவீங்க, இப்ப வருவீங்கன்னு பாத்துட்டிருப்பேன்." குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் காட்டரிலின் கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் போட்டாள்.

நான்கு நாள் சின்ன அறையில் இருந்தாள். லீட்ஸிலிருந்து அவள் அக்கா வந்து அழைத்துப் போனாள். அவனிடம் திரும்பிப் போவாளா என்று தெரியாது. நானே எத்தனை முறை ரெஜிடம் திரும்பி வந்திருக்கிறேன், அதனால் அவளிடம் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. அவன் இன்னும் பக்கத்திலேதான் இருக்கிறான், காலையில் வணக்கம் சொல்கிறான். கதவுக்குச் சங்கிலி போட்டிருக்கிறேன். மாதா கோயிலில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை, புருஷன் பெண்டாட்டி நடுவில் போகலாமா என்று கேட்கிறார்களாம். காட்டரில் மட்டும் தினமும் எதிர் ஜன்னலில் நின்று என் திரை திறந்துவிட்டதா என்று பார்க்கிறார். பார்க்காத மாதிரிதான் பார்க்கிறார்.

இனி உன் விஷயம். மன்னிப்புக் கேட்கிற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தாய். நல்லது, கொடுப்பதற்கு என்னிடமும் மன்னிப்பு தயாராக இல்லை. உன் கடிதத்தை அடுப்பில் போடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். போடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜூன் மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உனக்கு டீ ஊற்றினேன். நீ நிமிர்ந்து பார்க்கமாட்டாயா என்று கோப்பை நிரம்பின பிறகும் அங்கேயே நின்றேன். நீ கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய்தான் சொல்லியிருப்பேன், கிளிஃப். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். ஆனாலும் நீ கேட்டிருக்க வேண்டும்.

மே மாதம் வா. லோர்னாவையும் கூட்டிக்கொண்டு வா. வந்து உட்கார்ந்ததும், பயணம் எப்படி, குளிர் எப்படி என்று ஆரம்பிக்காமல், என்னைக் கேள். இந்தத் தடவை நான் சொல்கிறேன்.

பெரில்